அடிப்பக்கம் ஒரு படம் அனுப்புங்க: ஃபென்டன் கண்ணாடி சேகரித்த அனுபவம்

ஃபென்டன் என்ற அமெரிக்கக் கம்பெனி செய்த அலங்காரக் கண்ணாடிப் பாத்திரங்களை வாங்க ஆரம்பித்திருக்கும் நண்பர்கள் ஒரு பூஜாடியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "இது எவ்வளவு போகும்?" என்று கேட்பார்கள். "அடிப்பக்கம் ஒரு படம் அனுப்புங்க" என்பதுதான் என் பதில். அந்த உருப்படி எந்தப் பத்தாண்டில் ஆலையை விட்டு வெளியே வந்தது என்று தெரிந்துகொண்டால் விலையைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதைச் சொல்லும் தடயங்கள் பெரும்பாலும் அடியிலும் விளிம்பிலும்தான் இருக்கின்றன. விலைப்பட்டியல் புத்தகங்கள் என்னிடமும் உண்டு. ஆனால் இத்தனை வருஷத்தில் எனக்கு அதிகம் கைகொடுத்தது அந்தக் கம்பெனியின் வரலாறுதான்.

நான் இருப்பது ஒஹையோ மாநிலம் கொலம்பஸில். இந்தப் பக்கம் வார இறுதியில் எஸ்டேட் சேல் என்று ஒன்று நடக்கும். வீட்டுக்காரர் இறந்துபோனாலோ முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாலோ, வீட்டில் உள்ளதை எல்லாம் அப்படியே விலை ஒட்டி விற்பார்கள். முதல் நாள் முழு விலை, கடைசி நாள் பெரும்பாலும் பாதி விலை. அப்படிப்பட்ட வீடுகளில் சமையலறை ஜன்னலோரத்திலோ கூடத்து அலமாரியிலோ, உடம்பெல்லாம் சின்னச் சின்னக் குமிழாக, ஓரம் பாவாடை மடிப்பு மாதிரி நெளிந்த ஒரு வெள்ளைக் கண்ணாடிக் கிண்ணம் இல்லாமல் இருக்காது. கல்யாணத்துக்கு வந்த பரிசாக இருக்கும், இல்லாவிட்டால் அன்னையர் தினத்துக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். அதில் பெரும்பங்கு இங்கிருந்து இரண்டு மணி நேரக் கார் பயணத்தில், ஒஹையோ ஆற்றுக்கு அந்தக் கரையில், மேற்கு வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்டவுன் என்ற சிற்றூரில் செய்தது.

கம்பெனி ஆரம்பித்தது 1905இல், ஆற்றுக்கு இந்தப் பக்கம், மார்ட்டின்ஸ் ஃபெரியில். ஃபிராங்க் எல். ஃபென்டன், ஜான் ஃபென்டன் என்று இரண்டு சகோதரர்கள். ஃபிராங்க் அதற்கு முன் ஹாரி நார்த்வுட் என்ற பெரிய கண்ணாடிக்காரரிடம் தொழில் பழகியவர். ஆனால் ஆரம்பத்தில் இவர்கள் கண்ணாடியே செய்யவில்லை. மற்ற ஆலைகளில் வெறும் கண்ணாடிப் பாத்திரங்களை வாங்கி, மேலே வண்ணம் தீட்டி விற்றார்கள். இந்தச் சின்னப் பையன்கள் நமக்கே போட்டியாக வருகிறார்களே என்று தோன்றியதும் சரக்கு கொடுத்தவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். சரி, நாமே உலை போட்டுவிடுவோம் என்று வில்லியம்ஸ்டவுனில் ஆலை கட்டி, 1907 ஜனவரியில் முதல் கண்ணாடியை எடுத்தார்கள். இடத்தைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் இயற்கை எரிவாயு மலிவாகக் கிடைத்தது, நல்ல மணல் இருந்தது, சரக்கு அனுப்ப ஆறும் ரயிலும் இருந்தன. கண்ணாடி உலையை இரவில் அணைத்துவிட்டுக் காலையில் பற்றவைக்க முடியாது, வருஷம் முழுக்க எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால் எரிவாயு எங்கே மலிவோ அங்கேதான் ஆலை. கடைசியில் கம்பெனியை முடித்துவைத்ததிலும் அந்த எரிவாயு பில்லுக்குப் பெரும்பங்கு உண்டு.

அந்த 1907லேயே ஃபென்டன் ஒரு வேலை செய்தது. டிஃபானி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நியூயார்க்கின் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபானி, எண்ணெய்ப் படலம் தண்ணீரில் மின்னுவதுபோல வானவில் பளபளப்புள்ள கண்ணாடியை 1890களில் பிரபலமாக்கியிருந்தார். கையால் ஊதியது, பணக்காரர் வீட்டுப் பொருள். ஃபென்டன் அந்தப் பளபளப்பை அச்சுக் கண்ணாடிக்குக் கொண்டுவந்தது. உருக்கிய கண்ணாடியை இரும்பு அச்சில் அழுத்தி எடுத்து, சூடு இறங்குவதற்குள் உலோக உப்புக் கரைசலைப் புகையாகத் தெளித்தால் மேலே மெல்லிய படலம் படியும். நிறமில்லாத கண்ணாடி மீது இரும்பு உப்பு பட்டால் சாமந்தி ஆரஞ்சு. அடிக்கண்ணாடி நீலமோ ஊதாவோ பச்சையோ என்றால், அதற்கேற்ப மேலே மயில் கழுத்து மின்னும். சில்லறைக் காசுக்கு டிஃபானி மாதிரி ஒன்று கிடைக்கிறது என்றால் யார் விடுவார்கள்? நார்த்வுட், இம்பீரியல் என்று மற்ற ஆலைக்காரர்கள் எல்லாரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள். 1920களில் மோகம் தணிந்து, மிச்சச் சரக்கு திருவிழாப் பந்தயக் கடைகளில் பரிசாகப் போனதாகச் சொல்வார்கள். கார்னிவல் கண்ணாடி என்ற பெயர், வெகுகாலம் கழித்துச் சேகரிப்பவர்கள் வைத்தது.

இந்த மோகம் நம் ஊர் வரை வந்தது பலருக்குத் தெரியாது. ஃபிரோசாபாத்தில் ஜெயின் கிளாஸ் வொர்க்ஸ் என்ற ஆலை இதே பளபளப்பில் டம்ளர்களும் பூஜாடிகளும் செய்திருக்கிறது. சில டம்ளர்களின் அடியில் 'ஜெயின்' என்று ஆங்கில எழுத்து அச்சிலேயே இருக்கும். இன்றைக்கு அமெரிக்க, ஆஸ்திரேலிய சேகரிப்பாளர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். வட இந்தியாவில் பழைய வீட்டுப் பரணில் ஆரஞ்சாக மின்னும் டம்ளர் கண்ணில் பட்டால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கார்னிவல் வாங்குபவர்களுக்கு வரலாற்றிலிருந்து கிடைக்கும் முதல் உதவி இது: பழைய ஃபென்டன் கார்னிவலில் கம்பெனி முத்திரை எதுவும் இருக்காது. காகித ஸ்டிக்கர்தான் பின்னாளில் ஒட்டினார்கள், அது ஒரு கழுவலில் போய்விடும். 1970இல் ஃபென்டன் கார்னிவலை மறுபடி செய்யத் தொடங்கியபோது, பழையதோடு குழம்பக் கூடாது என்பதற்காக, நீள்வட்டத்துக்குள் ஃபென்டன் என்று எழுதிய முத்திரையை அச்சிலேயே வெட்டினார்கள். இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அடுத்த சில ஆண்டுகளில் மற்ற அச்சுகளுக்கும் அந்த முத்திரை வந்தது. ஆக, முத்திரை இருந்தால் 1970க்குப் பிந்தியது. எண் எதுவும் இல்லாமல் நீள்வட்டமும் பெயரும் மட்டும் என்றால் 70கள். பெயருக்குக் கீழே பொடியாக 8 இருந்தால் 80கள், 9 என்றால் 90கள், 0 என்றால் 2000க்குப் பிறகு. மூடிய மற்ற ஆலைகளிடம் வாங்கிய அச்சுகளில் செய்தவற்றுக்கு 1983 முதல் நீள்வட்டத்துக்குள் சாய்வெழுத்து 'எஃப்' மட்டும் போட்டார்கள்.

முத்திரை பல சமயம் மங்கலாகத்தான் இருக்கும். நெளிவு ஓரமும் கைவேலையும் சேரும்போது சூட்டில் கொஞ்சம் உருகி அமுங்கிவிடும். போனின் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் தெரியும். அப்படியும் தெரியவில்லையென்றால் விரல் நுனியால் தடவிப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான வேலையையும் சிலர் செய்கிறார்கள். புதியதைப் பழையதாகக் காட்ட முத்திரையைத் தேய்த்து எடுத்துவிடுவது. நான் ஒரு பழம்பொருள் சந்தையில் நீலக் கார்னிவல் கிண்ணம் ஒன்றைக் கையில் எடுத்தேன். 1910 வாக்கில் செய்தது என்று சீட்டு ஒட்டி, அதற்கேற்ற விலையும் போட்டிருந்தது. திருப்பினால், மற்ற இடமெல்லாம் இயல்பாக இருக்க, நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் வழவழவென்று, பளபளப்பே இல்லாமல் ஒரு திட்டு. வெளிச்சத்தில் பார்த்தால் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். உண்மையிலேயே நூறு வருஷம் மேசையில் இருந்த பாத்திரத்தின் அடியில் கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும், அதுவும் மேசையில் படும் வளையத்தில் மட்டும். நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டு வந்தேன். வாங்குகிற இடத்தில் வாதம் செய்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

சகோதரர்களில் ஜானுக்குப் பெரிய கனவுகள். தனியாகப் பிரிந்துபோய் ஒஹையோவின் மில்லர்ஸ்பர்க்கில் 1909இல் சொந்த ஆலையைத் திறந்தார். ரேடியம் என்று பெயர் வைத்து, முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளிச்சிடும் கார்னிவல் செய்தார், அழகில் அண்ணன் தம்பி இருவரில் இவரே மேல் என்பேன். 1911இல் திவால். அவ்வளவு குறைந்த காலம் ஓடியதாலேயே மில்லர்ஸ்பர்க் கண்ணாடிக்கு இன்றைக்கு ஃபென்டனைவிடக் கூடுதல் விலை. வியாபாரத்தில் தோற்றவரின் சரக்கு ஏலத்தில் ஜெயிக்கிறது, வேடிக்கைதான்.

ஃபிராங்க் வேறு மாதிரி ஆள். எது விற்கிறதோ அதைச் செய், விற்காவிட்டால் மாற்று. 1920களில் கார்னிவல் மங்கியதும் நுண்ணிய வெடிப்புக் கோடுகள் ஓடும் ஸ்ட்ரெட்ச் கண்ணாடிக்குப் போனார். நடுவில் கொஞ்ச காலம் அச்சே இல்லாமல் கையால் ஊதும் கலைப்பொருட்களையும் முயன்றார்கள். அருமையான வேலைப்பாடு, ஆனால் வியாபாரமாகவில்லை. 1930களின் பெருமந்தத்தில் அலங்காரக் கண்ணாடியை யார் வாங்குவார்கள்? மாவு கலக்கும் கிண்ணம், ஆரஞ்சு பிழியும் பாத்திரம் என்று சமையலறைச் சாமான்களைச் செய்து உலையை அணையாமல் காத்தார்கள். அந்தக் காலத்துப் பச்சைக் கிண்ணம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை ஃபென்டன் என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

அப்புறம் வந்ததுதான் ஹாப்னெய்ல், அந்தக் குமிழ்க் கண்ணாடி. 1930களின் கடைசியில் ரிஸ்லி என்ற வாசனைத் திரவியக் கம்பெனிக்குக் குமிழ் வைத்த புட்டி செய்துகொடுத்தார்கள். புட்டி நன்றாகப் போனதும் அதே குமிழைப் பூஜாடி, கிண்ணம், கூடை என்று எல்லாவற்றிலும் கொண்டுவந்தார்கள். 1950களில் பால் வெள்ளையில் வந்த ஹாப்னெய்ல்தான் பல பத்தாண்டுகள் கம்பெனிக்குச் சோறு போட்டது. இடையில் 1948இல் ஒரு பேரிடி. ஃபிராங்கும், கம்பெனியில் கூடவே உழைத்த சகோதரர் ராபர்ட்டும் ஒரே ஆண்டில் இறந்துபோனார்கள். ஃபிராங்கின் மகன்கள் ஃபிராங்க் எம்., பில் இருவரும் இளவயதில் பொறுப்பெடுத்து, கிட்டத்தட்ட நாற்பது வருஷம் நடத்தினார்கள். சுற்றிலும் இருந்த ஆலைகள், கேம்பிரிட்ஜ், ஹைசி என்று ஒவ்வொன்றாக 1950களில் விழ, இவர்கள் நின்றதற்கு அந்த வெள்ளைக் குமிழ்தான் காரணம் என்பது என் கணிப்பு.

அதனாலேயே இன்றைக்கு ஹாப்னெய்ல் வெள்ளை மலிவு. லட்சணமான சின்னப் பூஜாடி எஸ்டேட் சேலில் பத்து, பதினைந்து டாலருக்குள் வாங்கியிருக்கிறேன். முதலீடு என்று நினைத்து இதை வாங்காதீர்கள். பார்க்கவும் பூ வைக்கவும் வாங்குங்கள். அதே ஹாப்னெய்ல் க்ரான்பெரி சிவப்பிலோ, ஓரம் மட்டும் பால்போல வெளுத்த ஒபலசென்ட்டிலோ இருந்தால் கதை வேறு. வெள்ளையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1958 வாக்கில் பால் கண்ணாடியின் கலவையை மாற்றினார்கள். அதற்கு முந்தியதை விளக்கொளியில் பிடித்தால் மெல்லிய இடங்களில் ஒளி ஊடுருவி, ஓரத்தில் ஒரு தணல் நிறம் தெரியும். பிந்தியது சுண்ணாம்பு அடித்ததுபோல அடர் வெள்ளை. கடைக்காரர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே விலைக்கு வைத்திருப்பார்கள். ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்ப் பாருங்கள்.

சில்வர் க்ரெஸ்ட் என்று 1943 முதல் வந்த வகைக்கும் இது பொருந்தும். வெள்ளைத் தட்டு, அதன் நெளிந்த ஓரத்தில் நிறமற்ற கண்ணாடி நூல்போல ஒரு கரை. அம்மா இங்கே வந்திருந்தபோது ஒரு சில்வர் க்ரெஸ்ட் தட்டைப் பார்த்துவிட்டு, "வெத்தலை பாக்கு வைக்க நல்லா இருக்கும், இதை எதுக்குப் பீரோவுக்குள்ள பூட்டி வச்சிருக்க?" என்றார். அன்றிலிருந்து அது நவராத்திரிக்கு வெளியே வருகிறது. அந்தக் கரை பாத்திரத்தோடு சேர்த்து அச்சில் வார்த்தது கிடையாது. சூடான பாத்திரத்தின் விளிம்பில் சுற்றிலும் இன்னொரு கண்ணாடியை இழையாக ஒட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் நெளிப்பார்கள். அதனால் கரையின் தடிமன் எங்கும் ஒரே மாதிரி இருக்காது, ஆரம்பித்த இடமும் முடித்த இடமும் சந்திக்கும் ஒரு சின்ன மேடு நகத்தில் தட்டுப்படும்.

இதை நான் அந்த ஆலையிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆலை ஓடிய காலத்தில் பார்வையாளர்களை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, உலைக்குப் பக்கத்திலேயே ஒரு நடைபாதை. முகத்தில் அனல் அடிக்கும். ஒருவர் நீண்ட இரும்புக் கம்பியை உலைக்குள் விட்டுச் சுழற்றி, தேன் எடுப்பதுபோல ஒரு ஆரஞ்சுக் கட்டியை எடுத்து வருகிறார். அச்சுக்கு மேல் அது வழியும்போது இன்னொருவர் கத்தரியால் வெட்டுகிறார். எவ்வளவு விழ வேண்டும் என்பதற்குத் தராசு கிடையாது, வெட்டுகிறவர் கண்தான் கணக்கு. நெம்புகோலை இழுத்து அழுத்தி, அச்சைத் திறந்தால் இன்னும் சிவந்தபடி ஒரு கிண்ணம். அதன் அடியை ஒரு கவ்வியில் பிடித்து, மறுபடி சூடாக்கும் உலை வாய்க்குள் காட்டி, கடைசி ஆள் மரக்கருவியாலும் நெளிவு அச்சாலும் ஓரத்தை மடக்கி உயர்த்திவிடுகிறார். அங்கே ஒரே அச்சிலிருந்து வந்த கிண்ணம் ஒன்று தட்டையாக விரிந்தது, அடுத்தது பூஜாடியாக நீண்டது, இன்னொன்றுக்குக் கைப்பிடி ஒட்டிக் கூடையாக்கினார்கள். எல்லாம் சில நிமிஷத்துக்குள். அப்புறம் மெதுவாக நகரும் பட்டையில் ஏற்றி, பல மணி நேரம் நிதானமாகச் சூடு தணிய விடுவார்கள். அவசரமாக ஆறினால் கண்ணாடிக்குள்ளேயே இழுவிசை தங்கி, ஒரு நாள் காரணமே இல்லாமல் விரிசல் விடும்.

நான் சொன்ன அந்தக் கவ்வி முக்கியம். பல ஆலைகளில் பாத்திரத்தின் அடியில் கம்பியை ஒட்டிப் பிடித்து வேலை செய்து, கடைசியில் உடைத்து எடுப்பார்கள். அந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். ஃபென்டன் பெரும்பாலும் கவ்வியால்தான் பிடித்தது. ஆகவே முத்திரை இல்லாத ஒரு நெளிவுக் கிண்ணத்தின் அடியில் கரடுமுரடான தழும்போ, அதை அரைத்து மெருகிட்ட குழியோ இருந்தால், 1920களின் கைவேலை போன்ற சில விலக்குகள் தவிர, அது ஃபென்டனாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஐரோப்பியக் கண்ணாடிகளை ஃபென்டன் என்று விற்பதை இந்த ஒரு சோதனையிலேயே நான் ஒதுக்கிவிடுவேன்.

கூடைகளில் இன்னொரு ரகசியம். கைப்பிடி ஒட்டியவர்கள் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு சின்ன முத்திரைக் கருவி இருந்தது. கைப்பிடி பாத்திரத்தோடு சேரும் இடத்தில், சூடாக இருக்கும்போதே அதை அழுத்திவிடுவார்கள். இரண்டு பக்கமும் பொத்தான் அளவுக்கு ஒரு வடிவம் தெரியும். எந்த வடிவம் எந்தத் தொழிலாளியுடையது என்று பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள் சேகரிப்பாளர்கள். தொழிலாளியின் அடையாளம் இப்படி அங்கீகாரத்தோடு பொருளிலேயே இருப்பதை வேறு எங்கே பார்க்க முடியும்? ஆனால் கூடை உடைவதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். கூடையைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கவே தூக்காதீர்கள். வாங்கும்போது கைப்பிடி ஒட்டிய அந்த இரண்டு இடங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளி ரேகை மாதிரி ஒரு கீற்று தெரிந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

1970ஐ நான் ஃபென்டனின் இரண்டாம் பிறப்பு என்பேன். கார்னிவல் திரும்பி வந்ததோடு, சார்ல்ஸ் கோ என்ற ரசாயன நிபுணரின் உழைப்பில் பர்மீஸ் கண்ணாடியும் அந்த ஆண்டு வந்தது. மௌண்ட் வாஷிங்டன் கம்பெனி 1885இல் காப்புரிமை பெற்ற பழைய வித்தை அது. கலவையில் யுரேனியமும் தங்கமும் சேரும். யுரேனியம் இளமஞ்சளைத் தரும், மறுபடி சூடு காட்டிய மேற்பாகம் மட்டும் தங்கத்தால் ரோஜாவாகச் சிவக்கும். எங்கே மஞ்சள் முடிந்து சிவப்பு தொடங்குகிறது என்று சொல்லவே முடியாது. அதே சமயத்தில் லூயிஸ் பைப்பர் என்ற ஓவியர் சேர்ந்து, கையால் பூ வரையும் பிரிவையும் வளர்த்தார். அந்த உருப்படிகளின் அடியில் வரைந்தவர் கையெழுத்து இருக்கும். பர்மீஸை இருட்டில் புற ஊதா டார்ச்சில் பார்த்தால் பச்சையாக ஒளிரும். பத்து டாலர் டார்ச் ஒன்று இந்தப் பொழுதுபோக்குக்கு அவசியம். ஆனால் ஒளிர்வது எல்லாம் யுரேனியம் இல்லை, மாங்கனீசு சேர்ந்த பழைய கண்ணாடியும் லேசாகப் பச்சை காட்டும். யுரேனியம் கத்தும், மாங்கனீசு முணுமுணுக்கும். அலமாரியில் வைத்துப் பார்ப்பதில் எனக்குப் பயம் இல்லை, அதில் ஊறுகாய் வைத்துச் சாப்பிடுவதைத் தவிர்க்கிறேன்.

க்ரான்பெரியிலும் தங்கம்தான் சிவப்பு தருகிறது. உள்ளே சிவப்பு, வெளியே நிறமற்ற கண்ணாடி என்று இரண்டு அடுக்கு. வாய் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் அடுக்கு தெரியும். மேலே சாயம் பூசி ஏமாற்றியது என்றால் அடி வளையத்தில் தேய்ந்து வெளுத்திருக்கும்.

1988 முதல் டிவியில் பொருள் விற்கும் க்யூவிசி சேனலில் பில் ஃபென்டனே வந்து உட்கார்ந்து கதை சொல்லி விற்றார். தொண்ணூறுகள் அப்படி ஓடின. பிறகு சரிவு. எரிவாயு விலை ஏறியது, மலிவான இறக்குமதி வந்தது, இளைய தலைமுறைக்கு வீட்டில் கண்ணாடி அலமாரியே இல்லை. 2007 ஆகஸ்டில் மூடப் போவதாக அறிவித்தார்கள். செய்தி பரவியதும் சேகரிப்பாளர்கள் ஆர்டர்களைக் குவித்ததில் உலை இன்னும் கொஞ்ச காலம் எரிந்தது. 2011 ஜூலையில் பாரம்பரியக் கண்ணாடி செய்வதை நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள். நகைக்கான மணிகள் செய்வது மட்டும் தொடர்ந்தது. பின்னர் ஆலைக் கட்டடம் இடிக்கப்பட்டு, அந்த இடம் பள்ளிக்கூடத்துக்குப் போனது.

அச்சுகள் மட்டும் சாகவில்லை. கண்ணாடித் தொழிலில் அச்சுக்கு ஆலையைவிட ஆயுசு கெட்டி. மற்றவர்கள் மூடியபோது ஃபென்டன் வாங்கிக்கொண்டது போலவே, இவர்களுடையதையும் மற்றவர்கள் வாங்கினார்கள். ஒஹையோவின் கேம்பிரிட்ஜில் மோசர் ஆலையில் சில அச்சுகள் மறுபடி கண்ணாடி பார்த்தன. அதனால் வடிவத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். பழைய அச்சு, புதிய ஆலை, ஃபென்டன் காலத்தில் இல்லாத நிறம் என்பதெல்லாம் இப்போது சந்தையில் சகஜம். அவற்றிலும் நல்லவை உண்டு, புதியதின் விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

வீட்டுக்கு வந்தபின் பார்த்துக்கொள்வது எளிது. டிஷ்வாஷரில் போடவே கூடாது, சில முறைகளிலேயே கார்னிவலின் மினுக்கம் போய்விடும், வெள்ளை மங்கிச் சொரசொரப்பாகும். சிங்கில் ஒரு துண்டை விரித்து, வெதுவெதுப்பான நீரில், ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். கொதிநீரும் உடனே குளிர்நீரும் ஆகாது. கையால் வரைந்த பூ உள்ளதை ஊறப்போடாதீர்கள். பூஜாடியில் தண்ணீரை வாரக்கணக்கில் விட்டால் உள்ளே வெண்படலம் படியும். ஆரம்பத்தில் வினிகர் எடுக்கும், முற்றிவிட்டால் கண்ணாடியே அரித்துப்போயிருக்கும், ஒன்றும் செய்ய முடியாது. இந்தப் படலம் ஈரத்தில் மறைந்துவிடும் என்பதால், விற்கிற இடத்தில் ஜாடியின் உள்பக்கம் ஈரமாகவோ எண்ணெய்ப் பிசுக்காகவோ இருந்தால் துடைத்து, உலர்ந்தபின் பாருங்கள். ஓரம் முழுக்க நகத்தை ஒரு சுற்று ஓட்டுங்கள். நெளிவின் முனைகளிலும் குமிழ்களின் தலையிலும்தான் சில்லு பெயர்ந்திருக்கும், கண்ணுக்குத் தப்பியது நகத்துக்குத் தப்பாது.

ஊருக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு: கைப்பையில் வைப்பதே நல்லது. ஜாடிக்கு உள்ளேயும் துணி அடைத்து, வெளியேயும் சுற்றி, இரண்டு உருப்படிகள் ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள்.

ஃபென்டன் உலையை இனிப் பார்க்க முடியாது. ஆனால் அதே மேற்கு வர்ஜீனியாவில், மில்டன் ஊரில், ப்ளென்கோ ஆலை இன்னும் கையால் ஊதிக்கொண்டிருக்கிறது. அங்கே அச்சு அழுத்துவது கிடையாது, ஊதுகுழல்தான், நிறங்களும் ஃபென்டனைவிடத் துணிச்சலானவை. பிள்ளைகளோடு போக அருமையான இடம். கிளம்பும் முன், அன்றைக்கு ஊதுகிறார்களா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.